புள்ளி விவர உருமாற்றமும் அதனை மீட்டெடுத்தலும்: மைசூர் தரும் சான்றுகள்

1991-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி மைசூர் மாவட்டத்தில் 31,65,018 பேர் வாழ்ந்தனர். 2001-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்மாவட்டத்தின் மக்கள் தொகை 26,41,027. இவ்விரண்டு எண்களை மட்டும் கணிப்பொறியில் இட்டு வளர்ச்சி வீதம் கேட்பவருக்கு, பத்து ஆண்டுகளில் 16.6 சதவிகித வீழ்ச்சி என்ற விடை கிடைக்கும். ஐந்து லட்சத்துக்கும் அதிகமான மக்கள் மறைந்துவிட்டதாக அது பொருள்படும். கணிப்பொறி தவறு செய்யவில்லை. கேட்டதற்கு விடை தந்தது, அவ்வளவே.

உண்மையில் எவரும் மறையவில்லை. 1997-ம் ஆண்டில் சாமராஜநகர், கொள்ளேகால், குண்டுலுப்பேட்டை, எளந்தூர் ஆகிய தாலூகாக்கள் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் சாமராஜநகர் மாவட்டம் உருவாயிற்று. 2001-ல் அப்புதிய மாவட்டத்தின் மக்கள் தொகை 9,65,462. இரண்டையும் கூட்டினால் 36,06,489 வருகிறது. அதாவது பழைய எல்லைகளின்படி 14 சதவிகித வளர்ச்சி ஏற்பட்டிருக்கிறது.

இதே மைசூரில் இதே அளவுள்ள இன்னொரு வீழ்ச்சியும் பதிவாகியுள்ளது. 1871-ல் மைசூர் ராஜ்யத்தின் மக்கள் தொகை 50,55,412. பத்தாண்டுகள் கழித்து, ஆட்சிப் பொறுப்பு உடையார் வம்சத்திடம் திரும்ப ஒப்படைக்கப்படுவதற்கு ஒரு மாதம் முன்னர், 1881 பிப்ரவரியில் எடுக்கப்பட்ட கணக்கில் அது 41,86,188 ஆகக் குறைந்திருந்தது. வீழ்ச்சி 17.2 சதவிகிதம். தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் நினைவுகூரப்படும் 1876-78 ஆண்டுகளின் கொடும் பஞ்சம் இதற்குக் காரணம். இந்த 8,69,224 என்ற குறைவு எல்லை மாற்றத்தால் விளைந்ததன்று. பெரும்பாலும் மாண்டவர்களும், பிறக்காமற்போன குழந்தைகளும், ஊரைவிட்டு அகன்றவர்களுமே அதில் அடங்குவர்.

16.6 சதவிகிதம், 17.2 சதவிகிதம் என்று அட்டவணையில் அடுத்தடுத்து அச்சிட்டால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. முதலாவதை நாம் சரிசெய்துகொள்ள முடிந்ததற்குக் காரணம், எந்தெந்த தாலூகாக்கள் எந்த ஆண்டில் பிரிக்கப்பட்டன என்பது பதிவாகியிருந்ததும், தாலூகா வாரியான எண்கள் அழியாமல் இருந்ததுமே. மாற்றம் செய்தவர் வந்த வழியைக் குறித்து வைத்திருந்தார். பின்வந்தவர் அவ்வழியே திரும்பிச் செல்ல இயன்றது. புள்ளி விவரப் பகுப்பாய்வில் உருமாற்றம், மீட்டெடுத்தல் என்று கூறப்படுபவற்றின் சாரம் இதில் அடங்கியுள்ளது.

உருமாற்றம் ஏன்?

திரட்டிய விவரங்களை இருந்தவாறே பயன்படுத்துவது அரிது. வருமானம், நில உடைமை போன்றவற்றில் பலரிடம் சிறிதளவும் சிலரிடம் மிகப் பெரிய அளவும் இருப்பதால் எண்கள் ஒருபுறமாகச் சாய்ந்து நிற்கும். அவற்றுக்கு மடக்கை, அதாவது லாகரிதம், எடுத்தால் பரவல் சீர்படும். வெவ்வேறு அலகுகளில் உள்ளவற்றை ஒப்பிடுவதற்காக ஒவ்வொன்றிலிருந்தும் சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுப்பர். விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டை மாற்றுவர். வயதுகளைத் தொகுதிகளாகப் பிரிப்பர். இவை அனைத்தும் உருமாற்றங்களே. எனினும் பயணம் முடிந்தபின் வீடு திரும்புவதில் இவை ஒன்றுபோன்றவை அல்ல.

சிலவற்றில் திரும்பும் வழி தெளிவானது. தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2020-ல் இதன் அடிப்படை ஆண்டு 2001 என்பதிலிருந்து 2016 என்று மாற்றப்பட்டபோது, அகில இந்திய இணைப்புக் காரணி 2.88 என அறிவிக்கப்பட்டது. புதிய வரிசையில் உள்ள எண்ணை 2.88 ஆல் பெருக்கினால் பழைய வரிசையின் எண் கிடைக்கும். அதற்கு முன் 1982-லிருந்து 2001-க்கு மாறியபோது காரணி 4.63, 1960-லிருந்து 1982-க்கு மாறியபோது 4.93. மூன்றையும் பெருக்கினால் 65.74 வருகிறது. இன்றைய 100 புள்ளிகள் 1960 அடிப்படையில் ஏறத்தாழ 6,574 புள்ளிகளுக்குச் சமம் என்று ஓய்வூதியதாரர் ஒருவர் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். அகவிலைப்படிக் கணக்கில் பழைய அடிப்படைக்குத் திரும்பிச் செல்ல வேண்டிய தேவை எழும்போது இக்காரணியே பாலமாக அமைகிறது.

இங்கும் சிறிது தேய்மானம் உண்டு. காரணி இரண்டு தசம இடங்களுக்கு முழுமைப்படுத்தப்பட்டது. உண்மையான விகிதம் 2.875-க்கும் 2.885-க்கும் இடையே எங்கும் இருந்திருக்கலாம். 400 புள்ளிகளில் இதனால் வரக்கூடிய வேறுபாடு ஒரு புள்ளிக்கும் குறைவு. அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 2.88 என்ற எண்ணே அறிவிக்கப்படாமல் இருந்திருந்தால், நூறு புள்ளிகள் எதற்கு நூறு என்பது விளங்காது.

சராசரியில் ஒரு பொறி

மடக்கை எடுப்பதும் திரும்பக்கூடிய வழிதான். எதிர்மடக்கை எடுத்தால் பழைய எண் கிடைத்துவிடும். ஆயினும் அனுபவமுள்ள ஆய்வாளர்களும் இதில் இடறுவதுண்டு. மூன்று குடும்பங்களின் ஆண்டு வருமானம் முறையே 10,000 ரூபாய், 1,00,000 ரூபாய், 10,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்தின் அடிமானத்தில் இவற்றின் மடக்கைகள் 4, 5, 6. அவற்றின் சராசரி 5. எதிர்மடக்கை எடுத்தால் 1,00,000 ரூபாய். ஆனால் மூன்று வருமானங்களையும் நேரே கூட்டி மூன்றால் வகுத்தால் 3,70,000 ரூபாய் வருகிறது.

ஒவ்வொரு எண்ணும் சரியாகத் திரும்பி வந்தது. சராசரி மட்டும் திரும்பி வரவில்லை. 1,00,000 என்பது பெருக்குச் சராசரி. அதற்கும் பொருள் உண்டு; ஆனால் மூன்று குடும்பங்களின் மொத்த வருமானத்தை மதிப்பிட அதனை மூன்றால் பெருக்குபவர் 11,10,000 என்பதற்குப் பதிலாக 3,00,000 என்று எழுதுவார். ஒரு மாவட்டத்தின் தேவையை மதிப்பிடும் அறிக்கையில் இத்தகைய பிழை நுழைந்தால் ஒதுக்கீடு எந்த அளவுக்குத் திரியும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்குரிய திருத்தத்தை நைஹுவா துவான் என்ற புள்ளியியலாளர் 1983-ல் எடுத்துரைத்தார். மடக்கை அளவில் ஒவ்வொரு குடும்பமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று பார்க்க வேண்டும். மேற்கண்ட கணக்கில் அவ்விலகல்கள் −1, 0, +1. இவற்றின் எதிர்மடக்கைகள் 0.1, 1, 10; அவற்றின் சராசரி 3.7. முன்பு கிடைத்த 1,00,000-ஐ இந்த 3.7 ஆல் பெருக்கினால் 3,70,000 கிடைக்கிறது. இத்திருத்தத்தைச் செய்வதற்கு ஒவ்வொரு குடும்பத்தின் விலகலும் கையில் இருக்க வேண்டும் என்பது கவனிக்கத்தக்கது. சராசரியை மட்டும் அறிக்கையில் வைத்துக்கொண்டு மூல விவரத்தை அழித்துவிட்ட அலுவலகத்தால் இதனைச் செய்ய இயலாது.

வருமானம் சுழியமாக உள்ள குடும்பம் இன்னொரு சிக்கல். சுழியத்துக்கு மடக்கை கிடையாது. ஆகையால் எல்லா எண்களோடும் 1 கூட்டி மடக்கை எடுப்பது வழக்கம். சிலர் 0.5 கூட்டுவர். திரும்பும்போது எதனைக் கழிப்பது என்பது கூட்டியவருக்கே தெரியும். அவர் மாறுதலாகிச் சென்றபின் கோப்பு ஊமையாகிவிடும்.

1931 தரும் பாடம்

இதுகாறும் கூறியவை திரும்பக்கூடிய வழிகள். பாதி வழி வரை மட்டுமே திரும்பக்கூடிய உருமாற்றம் ஒன்று இந்திய மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் வரலாற்றிலேயே உள்ளது. அது சற்று விரிவாக நோக்கத்தக்கது.

பிறந்த தேதி எழுதி வைக்கப்படாத காலத்தில் வயது கேட்டால் நாற்பது, ஐம்பது, சிறுபான்மை நாற்பத்தைந்து என்றே விடை வரும். 39 என்றோ 51 என்றோ சொல்பவர் குறைவு. எனவே வயது அட்டவணையில் 0, 5 ஆகிய இலக்கங்களில் முடியும் வயதுகளில் மக்கள் குவிந்து கிடப்பர். இக்குவியலை அளக்க விப்பிள் குறியீட்டெண் பயன்படுகிறது. 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0, 5 ஆகியவற்றில் முடியும் வயதினரை ஐந்தால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்குவர். குவியலே இல்லையெனில் 100. எல்லோரும் 0 அல்லது 5 என்றே கூறியிருந்தால் 500.

1931-க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் மக்கள் கூறிய வயதுகள் கூறியவாறே தொகுத்து அச்சிடப்பட்டன. ஜே.எச். ஹட்டன் ஆணையராக இருந்து நடத்திய 1931-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் புதிய முறை கையாளப்பட்டது. வயதுச் சீட்டுகள் 4-6, 7-13, 14-16, 17-23, 24-26 என்று மூன்றும் ஏழுமாக மாறி மாறி வரும் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. மூன்றாண்டுத் தொகுதியின் நடுவில் 5, 15, 25 ஆகியவை அமையும். ஏழாண்டுத் தொகுதியின் நடுவில் 10, 20, 30 அமையும். குவியல் தொகுதியின் மையத்திலேயே அடங்கிவிடும். பின்னர் அடுத்தடுத்த இரு தொகுதிகளின் பாதிகளைக் கூட்டி ஐந்தாண்டுத் தொகுதிகள் பெறப்பட்டன. 4-6 தொகுதியின் பாதியும் 7-13 தொகுதியின் பாதியும் சேர்ந்தால் 5 முதல் 10 வயது வரை. அச்சிடப்பட்டவை இந்தச் சீராக்கப்பட்ட எண்களே. சூழ்ச்சித்திறன் மிக்க முறை என்பதில் ஐயமில்லை.

இதனைத் திருப்ப முடியுமா? ஒரு கற்பனைக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு தொகுதிகளில் முறையே 120, 300, 100, 260 பேர் என்று கொள்வோம். அடுத்தடுத்த பாதிகளைக் கூட்டினால் அச்சிடப்படும் எண்கள் 210, 200, 180. நான்கு எண்கள் மூன்றாகிவிட்டன. முதல் தொகுதி 120 என்பது வேறு வழியில் தெரிந்திருந்தால், 210-ஐ இரட்டித்து 120-ஐக் கழிக்க 300 கிடைக்கும். 200-ஐ இரட்டித்து 300-ஐக் கழிக்க 100. 180-ஐ இரட்டித்து 100-ஐக் கழிக்க 260. முழுவதும் மீண்டுவிட்டது.

ஆனால் முதல் எண் 130 என்று தவறாகக் கொள்ளப்பட்டால் அடுத்தவை 290, 110, 250 என வரும். பத்துப் பேர் பிழை ஒரு தொகுதியில் கூடுதலாகவும் அடுத்ததில் குறைவாகவும் மாறி மாறிக் கடைசி வரை நீடிக்கும். எங்கும் தேய்ந்து மறையாது. இந்த 130, 290, 110, 250 என்ற வரிசையைச் சீராக்கிப் பார்த்தாலும் அதே 210, 200, 180 தான் கிடைக்கிறது. வேறுபட்ட இரு கிராமங்கள் ஒரே அட்டவணையைத் தருகின்றன. அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு எது நமது கிராமம் என்று எந்த மென்பொருளாலும் கூற முடியாது. அதற்கும் கீழே சென்று, 7-13 தொகுதியில் பத்து வயதினர் எத்தனை பேர், பதினொரு வயதினர் எத்தனை பேர் என்று கேட்டால், கதவு முற்றிலும் அடைபட்டிருக்கிறது.

மைசூரைப் பொறுத்தவரை இதனால் இழக்கக்கூடியது சிறிதன்று. பஞ்சத்தில் பிறப்புகள் அருகிய 1877, 1878 ஆண்டுகளில் பிறந்தோருக்கு, 1931 பிப்ரவரிக் கணக்கெடுப்பின்போது 52 முதல் 54 வயது ஆகியிருக்கும். அந்த வயதில் ஒரு பள்ளம் இருந்தாக வேண்டும். அது பஞ்சம் விட்டுச் சென்ற தழும்பு. ஆனால் 52, 53 ஆகியவை 47-53 தொகுதியிலும் 54 என்பது 54-56 தொகுதியிலும் சென்று சேர்கின்றன. பின்னர் இரண்டின் பாதிகளும் கலக்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுப் பள்ளம் இத்தகைய கலப்பில் நிரவப்பட்டுவிடும். 1918-ன் விஷக் காய்ச்சலும் அவ்வாறே. 1911-க்கும் 1921-க்கும் இடையில் மைசூர் ராஜ்யத்தின் மக்கள் தொகை 58.06 லட்சத்திலிருந்து 59.79 லட்சமாக, 3 சதவிகித அளவே, உயர்ந்தது. அக்காய்ச்சலை ஒட்டிய காலத்தில் பிறந்தோர் 1931-ல் 12, 13 வயதினர். 7-13 என்ற அகன்ற தொகுதியினுள் மறைந்து போவர்.

மக்கள் வாய்தவறிக் கூறிய வயதைத் திருத்துவதே சீராக்கலின் நோக்கம். அது பொய்யான மேட்டைத் தட்டும்போது உண்மையான பள்ளத்தையும் தூர்த்துவிடுகிறது. எது பொய், எது மெய் என்று அதற்குத் தெரியாது. பழைய கணக்கெடுப்புத் தொகுதியைக் கையில் எடுக்கும் ஆய்வாளர் வயது அட்டவணைக்கு முன், வயதுகள் எம்முறையில் வகுக்கப்பட்டன என்ற விளக்கக் குறிப்பைப் படிப்பது நன்று. அண்மைக் காலக் கணக்கெடுப்புகளில் நிலை வேறு. 2011-ம் ஆண்டின் சி-13 அட்டவணையில் ஒவ்வொரு வயதினரின் எண்ணிக்கையும் தனித்தனியே தரப்பட்டுள்ளது. குவியல் அதில் வெளிப்படையாகவே தெரியும். சீராக்க விரும்புபவர் தமது பிரதியில் சீராக்கிக்கொள்ளலாம். மூலம் அப்படியே இருக்கும்.

கணிப்பொறி முன்னால்

1931-ல் சீட்டுகளைக் கட்டுகளாகப் பிரித்தவர்கள் வாரக்கணக்கில் செய்த வேலையை இன்று மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தின் இளநிலை ஊழியர் ஒரு நொடியில் செய்துவிடுகிறார். அழிப்பதும் அதே நொடியில் நடைபெறுகிறது என்பதே வேறுபாடு.

எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் வயதுகளைத் தொகுதிகளாக மாற்றும்போது, முடிவை அதே மாறியில் எழுதுவதா, வேறு மாறியில் எழுதுவதா என்ற இரு வழிகள் தரப்படுகின்றன. முதல் வழியைத் தேர்ந்து கோப்பைச் சேமித்தவர் மூல வயதுகளை இழந்தார். எக்செல் போன்ற விரிதாள்களில் கடைசிச் செயலைத் திரும்பப் பெறும் வசதி உண்டு. ஆனால் கோப்பை மூடித் திறந்தபின் அவ்வசதி முந்தைய செயல்களை நினைவில் வைத்திருப்பதில்லை. தசமங்களை மறைத்து முழு எண்களாகக் காட்டும்படி அமைத்துவிட்டு, அதனைக் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எளிய உரைக் கோப்பாக, அதாவது சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால், திரையில் தெரிந்ததே எழுதப்படுகிறது; மறைந்திருந்த தசமங்கள் போய்விடுகின்றன. குறியீட்டு எண்களின் முன்னுள்ள சுழியங்களுக்கும் இதே கதி நேரும். 2011 கணக்கெடுப்பில் ஜம்மு காஷ்மீரின் குறியீடு 01. விரிதாள் அதனை எண்ணாகக் கருதி 1 என்று ஆக்கிவிடும். மைசூர் மாவட்டத்தின் குறியீடு 577 என்பதால் அங்கு இத்தொல்லை இல்லை.

மறுபுறம், நல்ல ஏற்பாடுகளும் உள்ளன. ஆர் மொழியில் எண்களைத் திட்டப்படுத்தும் கட்டளையை இட்டால், கழித்த சராசரியையும் வகுத்த விலக்கத்தையும் விடையோடு ஒட்டியே வைத்துத் தருகிறது. திரும்புவதற்கு வேண்டிய சாவி பூட்டிலேயே தொங்குகிறது. அதைக் காட்டிலும் முக்கியமானது, கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொடுக்காமல் ஒரு கோப்பில் எழுதி வைத்து இயக்கும் பழக்கம். மூலக் கோப்பு தொடப்படுவதில்லை. கட்டளைக் கோப்பை ஓட்டினால் மாற்றப்பட்ட விவரம் பிறக்கிறது. பிழை தெரியவந்தால் ஒரு வரியைத் திருத்தி மீண்டும் ஓட்டலாம். இங்கு மீட்டெடுத்தல் என்பது பின்னோக்கி நடப்பதன்று. தொடங்கிய இடத்திலிருந்து மறுபடி நடப்பது. திரும்ப முடியாத உருமாற்றங்களுக்கு, அதாவது முழுமைப்படுத்தல், தொகுத்தல், சீராக்கல், எதிர்மறைக் குறியை இழக்கும் இருபடியாக்கல் ஆகியவற்றுக்கு, இதைத் தவிர வேறு வழி இல்லை.

தரவுச் சேமிப்புக்கு இடமில்லை என்ற பழைய காரணம் இன்று பொருந்தாது. 1931-ல் ஒரு ராஜ்யத்தின் வயதுச் சீட்டுகளைப் பாதுகாக்கக் கிடங்குகள் தேவைப்பட்டிருக்கும். இன்று ஒரு மாவட்டத்தின் கிராம வாரியான எண்கள் அனைத்தையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். குறைவது இடமன்று, குறிப்பு எழுதும் வழக்கமே. எந்த நாளில், எந்தக் கோப்பில், எந்த மாறியில், எத்தகைய மாற்றம், எதற்காகச் செய்யப்பட்டது என்று நான்கு வரி எழுதுவதை நேர விரயமாகக் கருதும் போக்கு பல அலுவலகங்களில் உள்ளது.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டுள்ளது. விவரங்கள் மின்னணுக் கருவிகளிலேயே பதிவு செய்யப்படவிருக்கின்றன. அதன் எண்கள் வெளிவந்து, மைசூரு மாவட்டத்தின் தாலூகாக்களை 2011-உடன் ஒப்பிட முற்படுபவர்கள் ஹெக்கடதேவனகோட்டையில் மக்கள் தொகை குறைந்திருப்பதாகக் காண நேரலாம். கிருஷ்ணராஜநகரிலும், அண்டை மாவட்டத்தின் கொள்ளேகாலிலும் அவ்வாறே தோன்றக்கூடும். 2011-க்குப் பின் ஹெக்கடதேவனகோட்டையிலிருந்து சரகூரும், கிருஷ்ணராஜநகரிலிருந்து சாலிகிராமமும், கொள்ளேகாலிலிருந்து ஹனூரும் தனித் தாலூகாக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒப்பிடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அதன் தாய்த் தாலூகாவோடு கூட்டிக்கொள்ள வேண்டும். எல்லையோரக் கிராமங்கள் எப்பக்கம் சேர்க்கப்பட்டன என்பதைக் கிராமப் பட்டியலில் சரிபார்த்துக்கொள்வதும் தேவை.